தலையில சாயம், மடியில ஹேசல்

வாயில் இரண்டு கிளிப், வலது கையில் சாயம் பூசும் பிரஷ், இடது கையில் பெர்னிஸின் முடிக்கற்றை. கெல்சியின் இடது காலுக்கும் வேலை உண்டு. தரையில் உட்கார்ந்து அவள் கைக்குழந்தை ஹேசல் உருட்டிவிடும் பந்தை அந்தக் கால்தான் திருப்பி அனுப்புகிறது. கெல்சி குனிந்து பார்ப்பதே இல்லை. பந்து இதுவரை தவறியதும் இல்லை.

"தலையை ஆட்டாதீங்க பெர்னிஸ். குலுங்குறதுக்கு இது என்ன உங்க பஸ்ஸா?" என்கிறாள் கிளிப்புகளுக்கு நடுவிலிருந்து. ஊர்ப் பள்ளியின் பேருந்தை ஓட்டும் பெர்னிஸ் கண்ணாடியில் அவளுக்குப் பழிப்புக் காட்டுகிறார்.

கனடாவின் மனிடோபா மாகாணத்திலுள்ள இந்தச் சிற்றூரில் பாதிப் பெண்களின் தலை கெல்சி வீட்டுக் கீழ்த்தளத்தில்தான் உருவாகிறது. இரண்டு நாற்காலி, ஒரு கழுவும் தொட்டி, தலைமேல் கவிழ்க்கும் பழைய டிரையர். அந்தப் பக்கம் துணி துவைக்கும் இயந்திரம். படிக்கட்டின் கீழே குவியும் பனிக்காலணிகளை ஜோடி சேர்த்து அடுக்குவது நான்கு வயதாகும் மூத்த மகள் பைப்பரின் பொறுப்பு. பொறுப்பை அவள் தன் இஷ்டத்துக்குத்தான் நிறைவேற்றுவாள். ஒருமுறை பெர்னிஸ், ஒரு காலில் சொந்தக் காலணியும் மறு காலில் இன்னொருவர் காலணியுமாகப் பள்ளி வரைக்கும் பேருந்து ஓட்டிப் போனார்.

கடைக்குச் சட்டம் ஒன்றே ஒன்று. சாயம் பூசிக்கொண்டவர் முப்பத்தைந்து நிமிடம் எழுந்திருக்க முடியாது. அப்படி உட்காருகிறவர் சும்மா உட்காரக் கூடாது. "தலையில சாயம், மடியில ஹேசல்" என்றபடி கெல்சி குழந்தையைக் கையில் கொடுத்துவிடுவாள். ஊருக்குப் புதிதாக வந்த ஒரு அம்மாள் முதல் நாள் முகம் சுளித்தார். பத்தே நிமிடத்தில் குழந்தைக்குப் பாடிக்கொண்டிருந்தார். மறுவாரமே வந்து, நரையே இல்லாத தலைக்குச் சாயம் வேண்டும் என்றார்.

லூயிஸ் டீச்சர் சாயம் பூசிக்கொள்வதில்லை. முப்பத்துநான்கு வருடம் முதல் வகுப்புப் பிள்ளைகளோடு மாரடித்து வெளுத்த முடி அது, அதை மறைப்பதும் பொய்தான் என்பது அவர் கட்சி. வியாழன்தோறும் முடியைச் சுருட்டிக்கொள்ள மட்டும் வருவார். கெல்சியின் கணவன் டைலருக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தவர் என்பதால், கெல்சி மனசைத் திறந்து பேசுவது அவரிடம்தான்.

அவள் இந்த ஊருக்கு வந்த கதையும் அவருக்குத் தெரியும். முன்பு வின்னிபெக் நகரத்தில் பெரிய அழகுக்கடை ஒன்றில் வேலை. ஒரு மதியம் கல்யாணப் பெண்ணுக்குக் கொண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, குழந்தைகள் காப்பகத்திலிருந்து அழைத்தார்கள். பைப்பர் முதன்முதலாக நடந்துவிட்டாளாம். வாழ்த்துச் சொன்னார்கள். கெல்சி ஒரு ஊசிகூடக் கோணாமல் கொண்டையை முடித்தாள். மணப்பெண்ணை அனுப்பிவிட்டுத் துண்டுகள் அடுக்கும் அறைக்குள் போய் அழுதாள். ஹேசல் வயிற்றில் உண்டானதும் வேலையை விட்டுவிட்டு, டைலரின் ஊரான இங்கே வந்து வீட்டிலேயே கடை போட்டாள்.

"இவ எங்கிட்ட இருந்து தப்பிக்க முடியாது டீச்சர். இவளோட முதல் அடியை நான் பாக்காம விடமாட்டேன்" என்பாள். வருகிற தலைகளிடம் எல்லாம் இதையே சொன்னாள். ஹேசல் எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கத் தொடங்கியதிலிருந்து, குளிக்கப் போகும்போதும் குழந்தையைத் தூக்கிக்கொண்டுதான் போனாள்.

போன வியாழன் பெர்னிஸின் தலையில் சாயம் ஊறிக்கொண்டிருந்தது. டீச்சர் தலை நிறைய முடி சுருட்டும் உருளைகளோடு எதிர் நாற்காலியில் இருந்தார். மேலே கழிப்பறையிலிருந்து பைப்பர், "அம்மா, ஆயிருச்சு" என்று குரல் கொடுத்தாள். கெல்சி படியேறி ஓடினாள். அவள் தலை மறைந்ததுதான் தாமதம், பெர்னிஸின் முழங்காலைப் பிடித்து நின்ற ஹேசல் கையை விட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது அடியில் டீச்சரின் பாவாடையைப் பற்றிக்கொண்டு சிரித்தாள்.

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் கைதட்டவில்லை.

"நாம பாக்கல" என்றார் பெர்னிஸ்.

"பாத்தோமே."

"டீச்சர், நாம பாக்கல."

டீச்சர் குழந்தையை வாரி மடியில் இறுக்கிக்கொண்டார். கெல்சி திரும்பி வந்து பெர்னிஸின் தலையைக் கழுவத் தொடங்கினாள். நடையின் ருசி கண்ட ஹேசல் உதைத்தாள், நெளிந்தாள், வீட்டையே இரண்டாக்கினாள். ஏன் இப்படிப் பிடித்து வைத்திருக்கிறீர்கள், இறக்கி விடுங்களேன் என்று கெல்சி கேட்டாள். தரை சில்லிட்டிருக்கிறது என்றார் டீச்சர். ஆமாம், பயங்கரக் குளிர் என்று தொட்டிக்குள்ளிருந்து பெர்னிஸ் ஒத்து ஊதினார். வெப்பக்காற்று அடிக்கும் அந்தக் கீழ்த்தளத்தில் மூன்று பேருக்கும் வேர்த்துக்கொண்டிருந்தது.

தலையில் துண்டைக் கட்டி முடித்ததும் பெர்னிஸ், "கொஞ்சம் கீழ உக்காரேன் கெல்சி, காலுக்கு நல்லது" என்றார். கெல்சி அவரை விநோதமாகப் பார்த்தாள். ஆனாலும் சிதறிக் கிடந்த கிளிப்புகளைப் பொறுக்கத் தரையில் உட்கார்ந்தாள். டீச்சர் ஹேசலை இறக்கி நிறுத்தி, அம்மா பக்கம் திருப்பி, கையை எடுத்தார்.

ஹேசல் ஆடினாள். நின்றாள். பிறகு நடந்தாள். ஐந்து அடி நடந்து கெல்சியின் மார்பில் போய் விழுந்தாள். கெல்சியிடமிருந்து ஒரு சத்தம் வந்தது, அழுகையா சிரிப்பா என்று சொல்ல முடியாது. பெர்னிஸ் நிஜமாகவே அழுதார். டீச்சருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வாய் முந்திக்கொண்டது.

"பாத்தியா, இந்தத் தடவை ரெண்டு அடி கூட."

பெர்னிஸ் கண்ணை மூடிக்கொண்டார். டீச்சர் நாக்கைக் கடித்துக்கொண்டார், ஆனால் சொன்னது சொன்னதுதான். கெல்சி டீச்சரைப் பார்த்தாள், பெர்னிஸைப் பார்த்தாள், மறுபடி டீச்சரைப் பார்த்தாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தாள். மேசைமேல் இருந்த தொலைபேசியில் கணவனை அழைத்து, அதைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, டீச்சரின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"டைலர், ஹேசல் நடந்துட்டா. இப்பதான். ஆமா, முதல் தடவை. நான் பாத்தேன்."

கண்ணாடியில் டீச்சரின் கண்ணைப் பார்த்துக்கொண்டேதான் அதைச் சொன்னாள். ஈரம் காயாத கை டீச்சரின் தோளில் இறங்கி, ஒரு முறை அழுத்தியது.