ஒரு அளவு பெரிய யுகுலேலே

மனைவி இறந்த பிறகு மகள் என்னிடம் எதையும் கேட்டதில்லை. வைத்ததைச் சாப்பிட்டாள், கூப்பிட்ட இடத்துக்கு வந்தாள். அவளுக்கு எட்டு வயது. கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்திலிருந்து மருதனார்மடத்து வீட்டுக்குத் திரும்பும்போது, மோட்டார் சைக்கிளின் பின்னாலிருந்து தனக்கு ஒரு யுகுலேலே, நாலு தந்தி உள்ள குட்டிக் கிற்றார், வேண்டும் என்றாள். ஞாயிறு பாடசாலை ரீச்சர் கரோல் ஆராதனைக்காகப் பிள்ளைகளைப் பழக்கப்போகிறாராம். வாங்கலாம் என்றேன். சந்தோசமோ ஆறுதலோ வரவில்லை. அவள் ஒன்றைக் கேட்டுவிட்டாள் என்பது ஒரு தகவலாக மட்டும் பதிந்தது. இதில் நான் பிழைவிட்டால் இனிமேல் கேட்கமாட்டாள் என்பதும் தெரிந்தது.

கடைக்கு மச்சாளும் வந்தார். அவர் மனைவியின் அக்கா, பண்டத்தரிப்பில் இருக்கிறார். செத்தவீட்டுக்குப் பிறகு பிள்ளைக்கு வேண்டியதை வாங்கும் வேலையை அவரே எடுத்துக்கொண்டிருந்தார். யாழ்ப்பாண நகரத்துக் கடையில் நாலு அளவுகளில் யுகுலேலேக்கள் கொக்கிகளில் தொங்கின. மிகச் சிறியது ஒரு முழத்தைவிடச் சற்று நீளம். மிகப் பெரியதைத் தூரத்தில் கண்டால் கிற்றார் என்று சொல்லலாம். மகள் சிறியதை எடுத்தாள். அவளுடைய விரல்கள் அதன் கழுத்தைச் சுற்றி வந்து தந்திகளில் சிரமமில்லாமல் அமர்ந்தன. நான் அதைப் பார்த்தேன்.

“உது விளையாட்டுச் சாமான் மாதிரிக் கிடக்கு,” என்றார் மச்சாள். “வளருற பிள்ளை. பெரிசா எடுத்தால் ஓஎல் சோதினை எடுக்கும் மட்டும் காணும்.”

இங்கே பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் அப்படித்தான் வாங்குகிறோம். சப்பாத்தை ஒரு அளவு பெரிதாக வாங்கி நுனியில் பஞ்சு அடைப்போம். பள்ளிச் சட்டையின் விளிம்பை உள்ளே மடித்துத் தைத்து, பிள்ளை உயர உயர அவிழ்த்துவிடுவோம். கடைக்காரரும் பெரியதன் பக்கமே நின்றார். மரம் நல்லது, சத்தம் கனதி என்றார். அவர் எதையாவது வாசிப்பவராகத் தெரியவில்லை. மகளிடம் யாரும் கேட்கவில்லை. அவள் சிறியதைத் திரும்பவும் அதன் கொக்கியில் மாட்டினாள். மிகப் பெரியதை வாங்கினோம்.

அடுத்த ஞாயிறு வகுப்பு முடியுமுன்னரே போய் மண்டபத்தின் யன்னலோரம் நின்றேன். மழை பெய்துகொண்டிருந்தது. பிள்ளைகள் வட்டமாக இருந்தார்கள். மகள் வைத்திருந்ததன் தலைப்பக்கம் பக்கத்துப் பிள்ளையின் தோளில் இடித்தது. ஒரு விரலை எங்கே வைப்பதென்று ரீச்சர் காட்ட, எல்லோரும் வைத்து மீட்டினார்கள். மகளின் விரலும் அதே இடத்தில்தான் இருந்தது. அவளுடையதிலிருந்து மட்டும் வேறு சத்தம் வந்தது. ரீச்சர் வாங்கிப் பார்த்தார். பெரிய வகைக்குச் சுருதி வேறு, விரல் வைக்கும் இடங்களும் வேறு, இந்தக் கூட்டத்தோடு இது சேராது என்று அவளிடம் மெதுவாகச் சொன்னார்.

எதிரே இருந்த ஒரு சிறுமி சிரித்தாள். “ரீச்சர், உது எங்கடையளுக்கு அம்மா.”

சில பிள்ளைகளும் சேர்ந்து சிரித்தார்கள். விசயம் தெரிந்தவர்கள் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். மகளின் முகம் மாறவில்லை. மிகுதி நேரம் அதை மடியில் வைத்தபடி மற்றவர்களின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும், மாற்றித் தரட்டுமா என்று கேட்டேன்.

“பெரியம்மா கோவிப்பா.”

“நான் கதைக்கிறன்.”

“வளந்தாப்பிறகு வாசிக்கிறதுக்கு இல்லை அப்பா,” என்றாள். “எனக்கு இப்ப வாசிக்கோணும்.”

மச்சாளுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் கோபிக்கவில்லை. தங்கச்சி நின்றிருந்தால் எதை எடுத்திருப்பாள் என்று யோசித்துத்தான் பெரியதை எடுத்ததாகச் சொன்னார். மனைவி அதைத்தான் எடுத்திருப்பாள். எனக்கும் சந்தேகமில்லை. மாற்றப்போகிறேன் என்றேன். சரி என்று வைத்துவிட்டார்.

மறுநாள் கடைக்காரர் பெரியதைப் பின்னும் முன்னும் புரட்டி, கீறலில்லை என்று கண்டபிறகு முணுமுணுத்தபடி சிறியதைத் தந்தார். பின்னேரம் மகள் கட்டிலில் இருந்து சுருதி சேர்த்தாள். சுருதி காட்டும் செயலி என்னுடைய போனில் இருந்தது. புது நைலோன் தந்திகள் இழுபடும். நாலாவதை முடுக்கி முடிக்கும்போது முதலாவது இறங்கிவிடும். பலமுறை முடுக்கியபின் ஒரு விரலை வைத்து மீட்டினாள்.

“நல்லாயிருக்கோ அப்பா?”

ஓம் என்றேன். சத்தம் கேட்டது, அதற்கு மேல் எனக்கு எதுவும் தோன்றவில்லை. அவள் காதைக் கிட்டக் கொண்டுபோய் இன்னொரு முறை மீட்டினாள்.

“இல்லை, இறங்கிட்டுது. போனை இஞ்சாலை பிடியுங்கோ.”

பிடித்தேன்.