பேர் தெரியாத காலேஜ்

போன ஞாயிற்றுக்கிழமை இங்கே டெக்சஸில், ரிச்சர்ட்சனில் செல்வராஜ் வீட்டுக்குப் போயிருந்தேன். துக்கம் விசாரிக்க.

பதற வேண்டாம், யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அவர் மகள் நிலா படிக்கும் காலேஜை இந்த மே மாதத்தோடு மூடுகிறார்கள்.

ஒஹாயோவில், சோளக்காட்டுக்கு நடுவே ஒரு சின்ன லிபரல் ஆர்ட்ஸ் காலேஜ். சேருகிற பிள்ளைகள் குறைந்துபோய், இனி நடத்த முடியாது என்று கை விரித்துவிட்டார்கள். நிலாவுக்கு இன்னும் ஒரு வருஷம் பாக்கி. ஸ்பிரிங் பிரேக்குக்கு வீட்டுக்கு வந்திருந்தாள்.

எனக்கு முன்பே பாஸ்கர் வந்து உட்கார்ந்திருந்தார். செல்வராஜோடு டெலிகாம் கம்பெனியில் வேலை பார்ப்பவர்.

"அப்பவே சொன்னேன்ல செல்வா? ஆர்ட்ஸ் காலேஜெல்லாம் வேணாம்னு…"

லிபரல் ஆர்ட்ஸ் என்றால் நம் ஆட்கள் காதில் விழுவது ஆர்ட்ஸ் மட்டும்தான். இன்ஜினியரிங் சீட் கிடைக்காதவர்கள் சேருகிற இடம்! அங்கே சயின்ஸும் உண்டு; நிலா படிப்பது கெமிஸ்ட்ரி. சொன்னால் யார் நம்புகிறார்கள்? "பொண்ணு டிராயிங் படிக்கிறாளா?" என்று பார்ட்டிக்குப் பார்ட்டி கேட்டார்கள். செல்வராஜ் அலுத்துப்போய், "ஒஹாயோல படிக்கிறா" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

"பேசாம இங்க இருக்கிற யூனிவர்சிட்டிக்கு டிரான்ஸ்ஃபர் பண்ணிடு. வீட்லேர்ந்தே டிரைவ் பண்ணிப் போகட்டும்" என்றார் பாஸ்கர்.

செல்வராஜ் தலையாட்டினார். நிலாவுக்குக் கண் கலங்கியிருந்தது.

அப்போதுதான் அவள் போன் அடித்தது. கெமிஸ்ட்ரி புரொபசர். "அப்பா, ஷீ வான்ட்ஸ் டு டாக் டு யூ டூ" என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

அந்தம்மா மளமளவென்று பேசினார். மினசோட்டாவில் ஒரு காலேஜில் பேசியாகிவிட்டது. நிலா இதுவரை படித்த பாடங்களின் கிரெடிட் அத்தனையும் எடுத்துக்கொள்வார்கள். பாதியில் நிற்கும் அவள் ஆராய்ச்சியை அங்கேயே முடிக்கலாம். "லேபில் அவளுக்கு ஜன்னலோர இடமாகக் கேட்டிருக்கிறேன். டெக்சஸ் பெண்… டிசம்பரில் வெயில் இல்லாமல் ரொம்பச் சோர்ந்துவிட்டாள்."

செல்வராஜ் மகளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அண்ட்… யுவர் ஜாப், மேடம்?"



"என் பிள்ளைகள் எல்லோருக்கும் இடம் கிடைக்கட்டும். அப்புறம் எனக்குத் தேட வேண்டும்" என்று சிரித்தார் அந்தம்மா.

போனை வைத்ததும் செல்வராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "டிசம்பர்ல அப்படியா இருந்தே? சொல்லவேயில்லையேம்மா."

"யூ வர் ஆல்ரெடி ஸ்ட்ரெஸ்ட், ப்பா."

"மினசோட்டாவுக்கே போ. நானே கொண்டுவந்து விடறேன்."

பாஸ்கர் விடுவாரா? "அந்தக் காலேஜாவது கொஞ்சம் பெரிசா?"

"இட்ஸ் ஈவன் ஸ்மாலர், அங்கிள்."

சின்ன இடமெல்லாம் உசத்தி என்று சொல்ல வரவில்லை. ஒன்றை இழுத்து மூடித்தானே விட்டார்கள்? ஆனால், காலேஜ் பேர் நாலு பேருக்குத் தெரியுமா என்று விசாரிக்கிற நாம், அந்தக் காலேஜுக்கு நம் பிள்ளையைத் தெரியுமா என்று என்றைக்காவது விசாரித்திருக்கிறோமா?

வீட்டுக்கு வந்ததும் என் மகனுக்கு போன் பண்ணினேன். அவன் படிப்பது ஊர் உலகத்துக்கே தெரிந்த பெரிய யூனிவர்சிட்டி.

"உன்னைத் தெரிஞ்ச புரொபசர் யாராவது இருக்காங்களாடா?"

"யா மா, ஒருத்தர் இருக்கார்" என்றான். "ஹீ கால்ஸ் மீ பை மை ரூம்மேட்ஸ் நேம்."