ஹார்ட் டிஸ்க்குக்கு வைத்த சந்தனம்

சாமி கும்பிடுவதில் என் வீட்டுக்காரருக்கு அளவே கிடையாது. ஆயுத பூசை என்றால் கடையில் இருக்கிற ஸ்டேப்ளருக்குக்கூடக் குங்குமம் வைப்பார். வைக்கட்டும், எனக்கென்ன. ஆனால் போன வருஷம் கம்ப்யூட்டருக்கு வெளியே பொட்டு வைத்தது போதாதென்று, மூடியைக் கழற்றி உள்ளேயும் வைத்துவிட்டார். அந்த விஷயம் எனக்கு மறுநாள் காலையில்தான் தெரிந்தது. அதுவும் எழவு வீட்டு ஆள் ஒருவர் கடையில் வந்து நிற்கும்போது.

ஒத்தக்கடை பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் எங்களுக்கு ஒரு டிசைன் கடை. காதுகுத்து, கல்யாணம், சடங்கு, சாவு எல்லாவற்றுக்கும் பிளெக்ஸ் போடுவோம். படத்தை வெட்டி ஒட்டுவது நான். மாட்டுத்தாவணிப் பக்கம் இருக்கும் பிரஸ்ஸில் கொடுத்து அடித்து வாங்கி வருவது, சட்டத்தில் மாட்டுவது, வந்தவர்களிடம் வாய் பேசுவது எல்லாம் அவர். ஊரில் பாதிப் பேருடைய மூஞ்சி என் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது. காதுகுத்துக்குத் தாய்மாமனாகச் சிரித்துக்கொண்டு உள்ளே வருகிறவர், என்றைக்காவது ஒருநாள் கண்ணீர் அஞ்சலியாக வெளியே போவார். அதே மூஞ்சிதான். பின்னால் ரோஜாப்பூவை எடுத்துவிட்டு மேகத்தை வைப்பேன், அவ்வளவுதான் வேலை.

விஜயதசமி அன்று காலையில் கடை திறந்து, இவர் சூடம் காட்டி முடிப்பதற்குள் அந்த ஆள் வந்துவிட்டார். முப்பது, முப்பத்தைந்து வயசு இருக்கும். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

"அக்கா, எங்க மாமா, எங்கக்கா வீட்டுக்காரரு, தவறிட்டாருக்கா. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி திருவாதவூர் காதுகுத்துக்கு இங்கதான் பிளெக்ஸ் போட்டாரு. கோட்டு சூட்டு, கூலிங் கிளாஸ்."

ஞாபகம் வந்துவிட்டது. தங்கச்சி பிள்ளைக்குக் காதுகுத்து என்று வந்து, 'நான் தெரியணும், பிள்ளை சின்னதா இருந்தாலும் பரவாயில்ல' என்று சொன்ன மனுஷன்.

"அவரு படம் உங்ககிட்ட இருக்கும்ல? மூணு மணிக்கு எடுக்குறாங்க. அதுக்குள்ள தெருமுக்குல வைக்கணும். எங்கக்கா அழுகைக்கு நடுவுல இதையேதான் கேட்டுக்கிட்டு இருக்கு. அவரு மூஞ்சி நல்லா இருக்கணுமாம்."

"வீட்டுல வேற படம் ஒண்ணும் இல்லையா?"

அவர் ஆதார் கார்டை எடுத்து நீட்டினார். ஐயையோ. அந்தப் படத்தைப் போட்டால் அஞ்சலி என்று யாரும் நினைக்க மாட்டார்கள், போலீஸ் தேடுகிறது என்றுதான் நினைப்பார்கள்.

"போன்ல நிறையக் கெடக்குக்கா. ஆனா அது கைரேகை வச்சாத்தான் திறக்கும்." கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "வச்சும் பாத்தோம். திறக்கல."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்து அடக்கினேன். பார்த்தால் அவரே சிரித்துவிட்டார், சிரித்த கையோடு குலுங்கிக் குலுங்கி அழுதார். அவரை ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு, "இருங்க தம்பி, அஞ்சு நிமிசத்துல எடுத்துருவோம்" என்று பெருமையாகச் சொல்லிக் கம்ப்யூட்டரைப் போட்டேன்.

போட்டால், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. டிஸ்க்கே இல்லை என்கிறது. அணைத்துப் போட்டேன். இல்லை. பிளக்கைப் பிடுங்கிச் செருகிப் போட்டேன். இல்லை. போட்டவுடனே ஒரு பட்டனை அழுத்தினால் உள்ளே என்னென்ன மாட்டியிருக்கிறது என்று பட்டியல் காட்டும் பக்கம் ஒன்று வரும், அதற்குள் போனேன். கீபோர்டு இருக்கிறது, மவுஸ் இருக்கிறது, யாருமே தொடாத சிடி டிரைவ் ஜம்மென்று இருக்கிறது. ஹார்ட் டிஸ்க் இருக்க வேண்டிய இடம் மட்டும் காலி. ஊர் மூஞ்சி மொத்தமும் போச்சு.

இன்னொரு காப்பி வைத்திருக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். வைக்கத்தான் தனியாக ஒரு டிஸ்க் வாங்கினேன். அதில் என் வீட்டுக்காரர் ஜல்லிக்கட்டு வீடியோ ஏற்றி வைத்திருக்கிறார். இப்போதும் அதில் காளைகள்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன.

சர்வீஸ்காரருக்குப் போன் போட்டேன். லீவு நாளில் கூப்பிட்ட எரிச்சல் அவருக்கு. "ஹார்ட் டிஸ்க் செத்துருக்கும்க்கா. புதுசு மாட்டிக்கங்க. உள்ள இருந்ததை மறந்துருங்க" என்று வைத்துவிட்டார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர் காதில் 'செத்துருக்கும்' விழுந்துவிட்டது. "அதுவுமா?" என்றார்.

"இன்னொருக்கா சூடம் காட்டவா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"காட்டுனீங்கன்னா உங்க கையிலயே வச்சு அமுக்கிருவேன். பேசாம ஸ்க்ரூ டிரைவரை எடுங்க."

ஸ்க்ரூ டிரைவர் என்றதும் மனுஷன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. அப்போதே எனக்குச் சந்தேகம்தான். மூடியைக் கழற்றினால் உள்ளே கோயில் கருவறை மாதிரி இருக்கிறது. மின்விசிறிக்கு ஒரு பொட்டு, மெமரிக்கு ஒரு பொட்டு, ஹார்ட் டிஸ்க்குக்கு மேலே, பக்கத்தில், பின்னால் என்று மூன்று பட்டை சந்தனம், நடுவில் குங்குமம்.

"அட கூறுகெட்ட மனுஷா! உள்ள எதுக்குய்யா வச்சீங்க?"

"உள்ள இருக்குறதுதான வேலை பார்க்குது? டப்பாவுக்கு வச்சு என்ன பிரயோசனம்? தூசியும் அம்புட்டு இருந்துச்சு. எல்லா வயரையும் பிடுங்கித் துடைச்சுட்டுத்தான் மாட்டுனேன்."

மாட்டிய லட்சணம் தெரிந்தது. பாதி வயர் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. எல்லாவற்றையும் அழுத்திச் செருகிப் போட்டேன். அப்போதும் டிஸ்க் இல்லை என்றுதான் வந்தது. டிஸ்க் மேல் விரல் நுனியை வைத்துப் பார்த்தேன்.

"என்ன, நாடி பார்க்குறியா?"

"வாயை மூடுங்க."

லேசாக அதிர்ந்தது. உள்ளே தட்டு சுற்றுகிறது. அப்படியானால் கரண்ட் போகிறது, டிஸ்க் சாகவில்லை. படத்தைக் கொண்டுவருகிற சின்ன கேபிளில்தான் கோளாறு. அணைத்துவிட்டு அதைப் பிடுங்கினால், அதன் வாய் முழுக்கச் சந்தனம் காய்ந்து கெட்டியாகி இருக்கிறது. டிஸ்க்கின் பல்லிலும் மஞ்சளாக ஒட்டியிருந்தது. காய்ந்த பிரஷ்ஷால் சுரண்டி, பென்சில் அழிக்கிற ரப்பரால் மெதுவாகத் துடைத்தேன். கேபிளை வீசிவிட்டு, சும்மா கிடந்த சிடி டிரைவிலிருந்து அதன் கேபிளை உருவி இதற்கு மாட்டினேன். எனக்குச் சாமி நம்பிக்கை கம்மி. ஆனாலும் ஸ்விட்சைப் போடும்போது கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தால் வழக்கமான திரை வந்திருந்தது. என் வீட்டுக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

காதுகுத்து பிளெக்ஸைத் திறந்தேன். கோட்டு, டை, கறுப்புக் கண்ணாடி. கழுத்துக்குக் கீழே இருப்பது யாருடைய உடம்போ, எங்கள் கடையில் அதே கோட்டுக்கு மேல் ஏகப்பட்ட தலைகளை மாட்டியிருக்கிறேன். தம்பி அதைத் தன் அக்காவுக்கு அனுப்பினார். உடனே போன் வந்தது. பின்னால் பெண்கள் ஒப்பாரி வைக்கிற சத்தம். அதற்கு நடுவில் அந்த அம்மா, தொண்டை கட்டிய குரலில் கேட்டது ஸ்பீக்கரில் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"யாருடா இந்த ஆளு? கண்ணைக் காணோம். எங்க வீட்டு மனுசனைக் கேட்டா எவனோ கோட்டுக்காரனை அனுப்புற."

நல்ல கேள்வி. எனக்கு அந்த அம்மாவைப் பிடித்துவிட்டது. அந்தத் தாய்மாமன் காதுகுத்துக்குக் கொண்டுவந்த அசல் படத்தைத் தேடி எடுத்தேன். கொடைக்கானல் ஏரிக்கரை. வேட்டி சட்டையில் கல்பெஞ்சில் உட்கார்ந்து, கண் சுருங்கச் சிரிக்கிறார். பக்கத்தில் அந்த அம்மா நின்றுகொண்டு, அவர் தோளில் கை வைத்திருக்கிறார். காதுகுத்துக்குத் தாய்மாமன் மட்டும் போதும் என்று, தலையை மட்டும் வெட்டி எடுத்து, கூலிங் கிளாஸையும் நானே ஒட்டி, மிச்சத்தை விட்டிருந்தேன்.

தம்பி அதையும் அனுப்பினார். அப்புறம், "ஆங், இவருதான்" என்றது குரல்.

"அக்காவை வெட்டிருங்க. உசுரோட இருக்குறவங்களை அஞ்சலியில போடக் கூடாது" என்றார் தம்பி. ஊர் வழக்கம் அதுதான். நானும் வெட்டினேன். ஆனால் தோளில் இருந்த கை மட்டும் மிஞ்சி நின்றது. நாலு விரல், மணிக்கட்டு, அதில் பச்சைக் கண்ணாடி வளையல். அதை அழித்துவிட்டுச் சட்டைத் துணியை நிரப்ப வேண்டும். எனக்கு அது இரண்டு நிமிஷ வேலை.

"கையை மட்டும் அழிச்சா முடிஞ்சதுக்கா" என்று தம்பி போனில் சொன்னார்.

"அதை எதுக்கு அழிக்கிற?"

"பாக்குறவங்க என்ன நினைப்பாங்க? வளையல் வேற தெரியுது. இன்னைக்குப் போயி..."

"அவராத்தான் வைக்கச் சொன்னாரு" என்றது அந்தக் குரல். "எல்லாரும் பாக்குறாங்கன்னு நான் கூச்சப்பட்டேன். வையிடி, யாரு என்ன சொல்லப் போறான்னாரு. எடுக்கச் சொல்லலைல. என்னைய வெட்டிக்கங்க. கை இருக்கட்டும்."

தம்பி என்னைப் பார்த்தார். நான் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன். என் வீட்டுக்காரர் வாயைத் திறக்கப் பார்த்தார், ஒரு முறை முறைத்தேன், அடங்கிவிட்டார். அவருக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. மேகத்தை வைத்து, பேரை அடித்து, பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். என் வீட்டுக்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு மாட்டுத்தாவணிக்குப் பறந்தார்.

எடுப்பதற்கு முன்னால் பிளெக்ஸ் வந்துவிட்டது. மாலை வாங்கிக்கொண்டு நானும் போனேன். தெருமுக்கில் நாலைந்து பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். "யாரு கை அது? கம்ப்யூட்டர்ல அழிக்காம விட்டுட்டாய்ங்களா?" என்றார் ஒருத்தர்.

"அவரு சம்சாரத்தோட கை. அப்படித்தான் இருக்கும்" என்று சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே.

பிறகு சடங்கு நடந்தது. அந்த அம்மாவின் கையில் இருந்ததையெல்லாம் கழற்றினார்கள், உடைக்க வேண்டியதை உடைத்தார்கள். என்னால் நின்று பார்க்க முடியவில்லை, வெளியே வந்துவிட்டேன். தெருமுக்கில் அவர் கண் சுருங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். தோளில் இருந்த கையில் பச்சை வளையல் ஒன்றுகூடக் குறையவில்லை.