மேனுவல் வந்தால் மறுநாளே எடுப்போம்

கார் விற்கிறவனுக்கு வாய் வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஜார்ஜ்டவுன் ஷோரூமில் பதினோரு வருஷம் நின்றவன் சொல்கிறேன், வாயை வீட்டில் வைத்துவிட்டு வந்தால்கூடப் பரவாயில்லை, இரண்டு காதும் நல்ல நிலையில் இருக்க வேண்டும்.

துணிக்கடையோ போன் கடையோ, எங்கே நின்று விற்கிறவராக இருந்தாலும் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும். வாங்க வருகிறவர் நம்மைப் படுத்துவதில்லை. பார்ப்பார், விலையைக் குறைக்கச் சொல்வார், எடுப்பார் அல்லது போவார். ரசிக்க வருகிறார் பாருங்கள், அவர்தான் நம் ஆயுளைக் குறைக்கிறவர். போன வருஷம் எங்கள் கம்பெனி ஒரு ஹாட் ஹேட்ச் இறக்கியது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பார்த்தால் பாசாருக்குப் போய் மீன் வாங்கி வருகிற சின்னக் கார்தான், பின்கதவு மேலே தூக்கும், உள்ளே மட்டும் பந்தயக் காரின் எஞ்சின். அதன் ரசிகர்களிடம் நான் பட்ட பாட்டில் கொஞ்சம் சொல்கிறேன். முழுசாகச் சொன்னால் எனக்கே மறுபடி தலை வலிக்கும்.

பத்துக் கைகள்

கார் முதலில் ஆட்டோ கியரில் மட்டும்தான் வந்தது. பினாங்கில் கார்ப் பைத்தியங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. விற்கிறவன் என்று என்னையும் அதில் சேர்த்திருந்தார்கள். அங்கே ஒப்பாரி ஆரம்பித்தது. இவ்வளவு நல்ல எஞ்சினுக்கு ஆட்டோவா, இது பாவம் லா என்றான் ஒருவன். காலுக்கு வேலை இல்லையென்றால் அது காடியா சோபாவா என்று கேட்டான் இன்னொருவன். குரூப்பை நடத்துகிற வினோத், பாலத்துக்கு அந்தப் பக்கம் பிறையில் ஒரு பேக்டரியில் இன்ஜினியர், கடைசியில் ஒரு கேள்வி போட்டான்: மேனுவல் வந்தால் மறுநாளே எடுக்கிறவர்கள் கை தூக்குங்கள். பத்துக் கை முளைத்தது. முதல் கை அவனுடையது. அந்தப் பத்துக் கையையும் எடுத்துக்கொண்டு மேனேஜர் மேடம் லிம்மிடம் ஓடினேன். யாரும் என்னை ஓடச் சொல்லவில்லை. விதி.

அப்போதுதான் பத்து காவானில் எங்களுக்குப் புது கிளை திறந்திருந்தார்கள். தீவை விட்டுப் பாலம் தாண்டிப் போக யாரும் தயாராக இல்லை. நான் கட்டாயமாகத் தயாரில்லை. என் மனைவி செல்வி நர்ஸ், ஷிப்ட் வேலை. மகள் கவினி படிக்கிற தமிழ்ப் பள்ளி ஷோரூமிலிருந்து ஏழு நிமிஷம். ஒரு மணிக்கு நான் சாப்பாட்டு நேரம் எடுத்து, அவளைக் கூட்டிக்கொண்டு எங்காவது மீ கோரேங் வாங்கிக் கொடுத்து, என் அக்கா வீட்டில் விட்டுத் திரும்புவேன். அந்த நாற்பது நிமிஷத்தில் பள்ளிக்கூடத்துச் சண்டை முழுக்க எனக்கு வந்து சேரும். ஒரு நாளில் எனக்கென்று இருப்பது அது ஒன்றுதான். இது மேடம் லிம்முக்கும் தெரியும். அவர் மலாயில் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்: "முரளி, உன் பேச்சை நம்பி ஒரு மேனுவல் எடுக்கிறேன். தீபாவளிக்குள்ள அது போகலன்னா, அதுவும் நீயும் சேர்ந்து பத்து காவானுக்குப் போங்க."

சத்தம்

மஞ்சள் நிறத்தில் மேனுவல் வந்து இறங்கியது. சனிக்கிழமை குரூப்பே திரண்டு வந்தது. வாடிக்கையாளர்களுக்கு ஒரு பார்க்கிங் மிச்சமில்லை. வெறும் வாயை மெல்கிறவர்களுக்கு அவல் கிடைத்த கதைதான். ஒருவன் தரையில் படுத்து அடியில் பார்த்தான். ஒருவன் கதவை இருபது தடவை சாத்திச் சாத்தி அந்த ஓசையை ரெக்கார்ட் செய்தான். டயர் ஒரு இஞ்சு பெரிசாம். இந்த மஞ்சளைவிடப் பழைய மாடல் மஞ்சள் நல்ல மஞ்சள். கியர்க் கம்பி கொஞ்சம் உயரம். நான் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன். வரவேற்பில் இருக்கும் சத்தியா மூன்று தடவை காப்பி கலக்கினாள், இரண்டு பெட்டி தண்ணீர் பாட்டில் காலி.

சாயங்காலம் எல்லாரும் கிளம்பும்போது புக்கிங் பாரத்தை நீட்டினேன். பாரத்தைப் பார்த்தவுடன் பாதிப் பேருக்குப் போன் வந்தது. ஒருவனுக்கு அடுத்த மாசம் கல்யாணம், ஒருவன் சுங்கைப் பட்டாணியில் வீடு வாங்கிவிட்டான், மூன்று பேர் அடுத்த மாடல் வரட்டும் என்றார்கள். கடைசியில் நின்ற ஒருவன் மட்டும் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு என் தோளைத் தொட்டுச் சொன்னான்: "காடி எல்லாம் நல்லாதான் இருக்குண்ணே, ஆனா சத்தத்துல ஒரு உண்மை இல்ல."

வியாழக்கிழமை ஐயா

கனகசபை ஐயா யாழ்ப்பாணத்துக் குடும்பம், அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். தேய்த்த சட்டை, கையில் ஒரு கோப்பு. கோப்பு நிறைய இந்தக் காரைப் பற்றி வெளிநாட்டில் வந்த விமர்சனங்கள், முக்கியமான வரிகளுக்கு அடியில் பென்சில் கோடு. தொடர்ந்து நாலு வியாழக்கிழமை வந்தார். காரைப் பற்றி எனக்குத் தெரியாததெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. கிளட்ச்சை மிதித்துப் பார்த்து, சரியான கனம் என்றார். எனக்கு நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. மேடம் லிம்மிடம்கூடச் சொல்லிவிட்டேன், ஆள் கிடைத்துவிட்டார் என்று.

நாலாவது வியாழன் பாரத்தை எடுத்து அவர் முன் வைத்தேன். அதை அவர் முழுக்கப் படித்தார், ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தினார், மடித்து என்னிடமே கொடுத்தார். கோபப்படக்கூட முடியவில்லை, அப்படி ஒரு மரியாதையான குரல்: "தம்பி, வாங்குற எண்ணத்தோட நான் வரேல்ல. வீட்டில இதைப்பற்றிக் கதைக்க ஒருத்தரும் இல்லை, அதுதான்."

சேலை

ஜெலுத்தோங்கிலிருந்து ஒரு கணவன் மனைவி. நாற்பது வயது இருக்கும், குரூப்புக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. அவர் மேனுவல் ஓட்டியே பழகியவர், காரைச் சுற்றி ஒரே ஒரு தடவை நடந்தார், எனக்குப் பிடித்திருக்கிறது என்றார். பதினோரு வருஷ அனுபவத்தில் சொல்கிறேன், உண்மையாக வாங்குகிறவன் இப்படித்தான் பேசுவான், இரண்டு வார்த்தைக்கு மேல் வராது. பேனாவைக் கையில் கொடுத்துவிட்டேன். அவர் பெயரை எழுத ஆரம்பித்துவிட்டார்.

அந்த அக்கா அன்றைக்குக் கோயிலுக்குப் போய்விட்டு வந்திருந்தார், பட்டுச்சேலை. நானும் ஒரு மரியாதைக்கு, உட்கார்ந்து பாருங்கக்கா என்று முன் கதவைத் திறந்துவிட்டேன். என் வாயில் சனி. இந்தக் காருக்குப் பந்தயக் கார் சீட், இரண்டு பக்கமும் இடுப்பைப் பிடிக்கிற மாதிரி மேடு கட்டியிருக்கும். உட்காருவது சுலபம். எழுந்திரிக்கத்தான் அந்த அக்காவால் முடியவில்லை. கொசுவம் ஒரு பக்கம், முந்தானை ஒரு பக்கம் மாட்டிக்கொண்டது. நானும் சத்தியாவும் ஆளுக்கொரு கையைப் பிடித்து வெளியே எடுத்தோம். அக்கா கத்தவில்லை. கொசுவத்தைச் சரி செய்துகொண்டு கணவரிடம் நிதானமாகச் சொன்னார்: "ஓட்டப் போறது நீங்க, இறங்கப் போறது நானு. அந்தப் பேனாவை வச்சிட்டு வாங்க."

லைசென்ஸ்

தீபாவளிக்கு ஐந்து வாரம். மிச்சம் இருந்த கை வினோத்துடையது மட்டும்தான். போன் போட்டு, நீ தானே தம்பி முதலில் கை தூக்கினாய் என்று வெட்கத்தை விட்டுக் கேட்டேன். மறுநாளே வந்தான். உள்ளே உட்கார்ந்து கியரைத் தடவினான், கண் கலங்குகிற மாதிரி இருந்தது. டெஸ்ட் டிரைவுக்கு லைசென்ஸ் காப்பி எடுக்க வேண்டும், கொடு என்றேன். சட்டைப்பையைத் தடவினான், பேன்ட்டைத் தடவினான், வீட்டில் இருக்கும் என்றான். போனில் படம் இருந்தால் போதும் என்றேன்.

காட்டினான். டிஏ. நம் நாட்டில் ஆட்டோ கார் மட்டும் ஓட்டிப் பழகி டெஸ்ட் எடுத்தால் கிடைப்பது அதுதான், அதை வைத்துக்கொண்டு மேனுவல் காரைத் தொடக்கூடாது. ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க என்பார்கள். மூன்று வருஷமாக மேனுவல் மேனுவல் என்று வாய் கிழியக் கத்தியவன் வாழ்க்கையில் ஒரு தடவைகூடக் கிளட்ச் மிதித்ததில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் ஏதாவது சொல்லியிருப்பேன். அவன் முகத்தைப் பார்த்ததும் போனை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: "அண்ணே, குரூப்ல மட்டும் சொல்லிறாதீங்க, ப்ளீஸ்லா."

மேடு

பையன் ரோஷக்காரன். அந்த வாரமே டிரைவிங் ஸ்கூலில் மறுபடி சேர்ந்தான், இந்தத் தடவை மேனுவல். பாஸ் செய்தால் தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை வந்து எழுதிக்கொடுக்கிறேன் என்று சத்தியம் செய்தான். டெஸ்ட்டில் எல்லாரையும் கவிழ்ப்பது மேடுதான் என்று உங்களுக்கே தெரியும். சரிவில் கோட்டுக்குள் நிறுத்தி, பின்னால் உருளாமல் கிளப்ப வேண்டும். பழகும்போது மூன்று நாளும் அவனுக்குக் கார் பின்னாலேயே போனது. ஒவ்வொரு நாளும் எனக்குப் போன் போட்டுச் சொல்வான். ஒவ்வொரு நாளும் எனக்கு இரவுச் சாப்பாடு இறங்காது.

யாரோ ஒருவன் மேடு ஏறுவதற்காக நான் தண்ணீர்மலை முருகன் கோயில் படி ஏறினேன், நம்புவீர்களா? கவினிக்கு ஒரு மணிக்கு நான் வேண்டும் முருகா, அதற்கு இவன் பின்னால் உருளக்கூடாது என்று நேரடியாகவே கேட்டேன். டெஸ்ட் புதன்கிழமை. காலையில் இருந்து போனைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். பதினொன்றரைக்கு அடித்தது. முதல் மணி முடியுமுன் எடுத்துவிட்டேன், கூச்சமில்லாமல் சொல்கிறேன். வினோத் மூச்சு வாங்கினான்: "அண்ணே, மேட்டுல அசையாம நின்னுச்சிண்ணே. ஒரு இஞ்சுகூடப் பின்னால போகல."

சனிக்கிழமை

அன்று மதியம் கவினிக்கு மீ கோரேங்கோடு ஐஸ் கச்சாங்கும் வாங்கிக் கொடுத்தேன். அப்பா ஏன் சிரிச்சிக்கிட்டே இருக்கீங்க என்று கேட்டாள். செல்வியிடம், பத்து காவான் கதை முடிந்தது என்று சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை வினோத் புதுச் சட்டையில் வந்தான், ஜெராக்ஸ் எல்லாம் ரெடி. எழுதுவதற்கு முன் ஒரே ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கட்டுமா என்றான். ஓட்டாமல் எழுது என்று எந்த வாயால் சொல்வது? தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை ஜார்ஜ்டவுன் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊரே லிட்டில் இந்தியாவில் பலகாரம் வாங்க நிற்கிறது. சூலியா தெருவில் நுழைந்தோம். நுழைந்தோம், அவ்வளவுதான். கிளட்ச் மிதி, முதல் கியர், நாலு அடி, நிறுத்து. கிளட்ச் மிதி. பின்னால் ஹார்ன். இரண்டு தடவை எஞ்சின் அணைந்தது. பதினைந்து நிமிஷத்தில் பையன் பேச்சை நிறுத்திவிட்டான். இருபத்தைந்தில் ஏசியைக் கூட்டினான். முக்கால் மணி நேரம் கழித்து ஷோரூமில் இறங்கியபோது அவன் இடது கால் தந்தியடித்தது.

நாற்காலியில் உட்காரவைத்தேன், சத்தியா தண்ணீர் கொடுத்தாள், நான் பேனாவைத் திறந்தேன். அவன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே காரை ஒரு தடவை பார்த்தான். அவன் என்ன சொல்லப்போகிறான் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. "மன்னிச்சிக்கிங்கண்ணே. நான் தினம் பிறைக்குப் போய் வரணும். இதே மஞ்சள்ல ஆட்டோ இருக்கா?"

ஒரு மணி

மேடம் லிம் சொன்ன சொல் தவறாதவர். ஆட்டோவை விற்றதற்குக் கை கொடுத்தார், மாற்றல் கடிதத்தையும் கொடுத்தார். கவினிக்கு வேன் ஏற்பாடு செய்தோம். முதல் நாள் வேனில் ஏறும்போது அவள் அழவில்லை. நான்தான் வேன் முனை திரும்புகிறவரை கையை ஆட்டிக்கொண்டே நின்றேன். மஞ்சள் காரையும் நானே ஓட்டிக்கொண்டு பாயான் லெப்பாஸ் ஜாமில் ஊர்ந்து, இரண்டாவது பாலம் ஏறி, பத்து காவான் போய்ச் சேர்ந்தேன். பாலத்தில் யாரோ என்னைப் படம் எடுத்திருக்கிறான். குரூப்பில் அன்றைக்கு அதுதான் பேச்சு, மேனுவல் ஓட்டுகிற இந்தக் கொடுத்துவைத்தவன் யார் என்று.

புதுக் கிளையில் தரை பளபளவென்று இருந்தது, ஆள் இல்லை. கவுண்டரில் புனிதா என்று ஒரு அக்கா, நல்ல மாதிரி. காலை முழுக்க ஒருவரும் வரவில்லை. நான் எப்போது எழுந்தேன், எப்போது சாவியை எடுத்தேன் என்று எனக்கே தெரியாது. கதவைத் தள்ளி வெயிலில் பாதி தூரம் நடந்துவிட்டேன். பின்னாலிருந்து புனிதா அக்கா கூப்பிட்டார்: "முரளி தம்பி, மணி ஒண்ணுதான் ஆவுது, சாவியோட அவசரமா எங்க போறீங்க?"

ஆகவே என் தொழில் தோழர்களே, ரசிகன் கை தூக்கினால் நாமும் பதிலுக்கு ஒரு கை ஆட்டிவிட்டு நேரத்தோடு பிள்ளையைக் கூட்டப் போய்விடுவதுதான் நமக்கு நல்லது.