ஃபேனுக்குக் கீழே போட்ட இலை

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில், பழைய சினிமாப் பாட்டைப் பற்றிப் பேச ஒரு மடற்குழு வைத்திருந்தோம். ஒருவர் மின்னஞ்சல் போட்டால் எல்லோருக்கும் போகும். குழுவைக் கவனித்துக்கொண்டது இரண்டு பேர். ஒருவர் திருநகர் டீச்சர், மிஷன் பள்ளியில் வேலை பார்த்தவர். இன்னொருத்தி நான். டீச்சருக்குக் கோபம் வந்தால் மடல் முழுக்கத் தடித்த எழுத்தில் இருக்கும். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

குழுவின் முதல் விதி, சாதிப் பேச்சு கூடாது. யாரும் மீறியதில்லை. அதிலும் வில்லாபுரத்து அண்ணன் இருக்கிறாரே, அவ்வளவு பதவிசு. எங்களுக்கெல்லாம் கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்கச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான்.

என் மகள் காதுகுத்துக்குக் குழுவே வந்திருந்தது. பந்தியில் அண்ணனுக்குப் பக்கத்தில் ஆனையூர் கிளார்க். எந்தப் பாட்டில் யார் வயலின் என்பதுவரை சொல்லக்கூடியவர். அண்ணன் பிரியமாகத்தான் கேட்டார்.

"நீங்க எந்த ஆளுக?"

அவர் மறைக்காமல் சொன்னார்.

"இங்க ஃபேன் காத்தே வரல" என்று அண்ணன் எழுந்து எதிர் வரிசைக்குப் போய்விட்டார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கிளார்க் தலை நிமிராமல் சாப்பிட்டார். வாரேன் என்றுகூடச் சொல்லாமல் போனார். அதன்பின் அவரிடமிருந்து மடலே இல்லை.

டீச்சரிடம் பேசினேன். "நடந்தது மண்டபத்துல டீச்சர். நம்ம விதி குழுவுக்குள்ளதான?"

"அவங்களப் பக்கத்துல பக்கத்துல உக்கார வச்சது எதும்மா? குழுதான?"

ஆனாலும் அண்ணனைக் குழுவிலிருந்து உடனே நீக்க டீச்சருக்கு மனசில்லை. தன் வீட்டில் கிறிஸ்துமஸ் விருந்துக்கு ஏற்பாடு செய்தார். எங்கள் பக்கம் நேரில் வந்து அழைக்காவிட்டால் அது அழைப்பே இல்லை. மின்னஞ்சலை நம்பாமல் டவுன் பஸ் பிடித்து இரண்டு வீட்டுக்கும் போனார்.

"அவரு வந்தா நா வரல டீச்சர்" என்றாராம் கிளார்க்.

"கூப்புடுறது நானு. எனக்காக வாங்க."

வந்தார். அண்ணன் வழக்கம்போலத் தாமதமாக வந்தார். அதற்குள் மற்ற எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள், நான் பரிமாறிக்கொண்டிருந்தேன். காலியாக இருந்தது ஒரே இலை, கிளார்க்குக்குப் பக்கத்தில். டீச்சரே பார்த்துப் போட்ட இலை அது.

"உக்காருங்கண்ணே. ஃபேன் நேரா மேலதான் சுத்துது."

அண்ணன் ஃபேனை அண்ணாந்து பார்த்தார். "சுகர் ஏறிப்போச்சு டீச்சர். வெளிய சாப்புடக் கூடாதுன்னுட்டாங்க" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

டீச்சர் அந்த இலையில் உட்கார்ந்து, "எனக்குச் சோறு போடும்மா" என்றார். கிளார்க்கிடம் ஒரு பாட்டைத் தப்பாகச் சொல்லி வம்புக்கு இழுத்தார். அவர் விடுவாரா, ரசம் வரும்வரை திருத்திக்கொண்டே இருந்தார். கிளம்பும்போது, "வாரேன் டீச்சர்" என்றார்.

அண்ணனை நீக்கும் மடலை டீச்சர் அன்று சாயங்காலமே அடித்தார். தடித்த எழுத்து ஒன்றுகூட இல்லை. அண்ணன் தமிழ் அடிக்கச் சொல்லிக்கொடுத்த விரல்களாலேயே அடித்துவிட்டு, கீபோர்டை மூடி வைத்து அழுதார்.