உனக்குக் கரி வேண்டாம்

நான் டீச்சராக இருந்த காலத்தைப் பற்றி யாராவது கேட்டால் நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு நழுவிவிடுவேன். இதை மட்டும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நினைத்தாலே என் மேல் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அறுபதுகளின் கடைசி. தாம்பரத்தில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குச் சரித்திரம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களைச் சங்கிலி போட்டுக் கப்பலின் அடித்தட்டில் அடுக்கிக் கொண்டுபோனதையும், சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து விலை பேசியதையும் சொன்னேன். புத்தகத்தில் நாலு வரி. நான் நாலு நாள் நடத்தினேன். முன் பெஞ்சுக்காரிகள் மூக்கைச் சிந்தினார்கள். ஒருத்தி அந்த அடிமைகளுக்காக ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஜெபம் பண்ணியதாக வந்து சொன்னாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அவர்களே கடைசி பெஞ்சில் இருந்தவளைக் ‘கருவாடு’ என்று கூப்பிட்டார்கள்.

அவள் கோவளம் பக்கத்தில் ஒரு குப்பத்துப் பெண். அம்மா கூடையில் மீன் விற்பவள். குப்பத்திலிருந்து இவ்வளவு தூரம் படிக்க வந்த முதல் பெண் அவள்தான். போர்டிங்கில் தங்கியிருந்தாள். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து டீச்சர் ட்ரெயினிங் போக வேண்டும் என்பது அவள் ஆசை. அம்மாவின் கூடையையும் இவளுடைய நிறத்தையும் சேர்த்து ஒரே வார்த்தையில் அடித்தார்கள்.

காதில் விழுந்த அன்றே மூன்று பேரை முட்டி போட வைத்தேன். “வெள்ளைக்கார எஜமான் அடிமையைக் கூப்பிட ஒரு வார்த்தை வைத்திருந்தான். அதைக் கேட்டு அழுத வாய்தானே இது?” என்று கேட்டேன். இனிமேல் சொல்ல மாட்டேன் என்று நூறு தடவை எழுத வைத்தேன். எழுதினார்கள். அதற்கப்புறம் நான் இல்லாத இடமாகப் பார்த்துச் சொன்னார்கள். ஸ்டாஃப் ரூமில் இதைச் சொன்னால், “பிள்ளைங்கன்னா அப்படித்தான், இதை ஏன் பெரிசு பண்றீங்க?” என்று டிபன் டப்பாவை மூடினார்கள். அந்த டப்பாக்களை ஜன்னல் வழியாக வீசலாம் போல இருந்தது. அந்தப் பள்ளியில் நியாயம் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தத் திமிரில்தான் ஸ்கூல் டேவுக்கு நாடகம் எழுதினேன். அடிமைச் சந்தைதான் கதை. போர்டிங் பிள்ளைகள் எல்லாரும் ஸ்கூல் டேவில் எதிலாவது சேர்ந்தாக வேண்டும் என்பது அங்கே வழக்கம். எஜமானி வேஷத்துக்குச் சிவப்பாக இருந்தவர்கள் சண்டை போட்டார்கள். அடிமையாக யாரும் வரவில்லை. நானே ஆறு பேரைப் பிடித்துப் போட்டேன். அதில் அவளும் ஒருத்தி. அவளுக்கு இந்தக் கதை மற்றவர்களைவிட நன்றாகப் புரியும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

வேஷம் போட்டுப் பார்த்த அன்று போர்டிங் சமையலறையிலிருந்து அடுப்புக்கரி வாங்கி, இடித்து, தேங்காய் எண்ணெயில் குழைத்து வைத்திருந்தேன். ஆறு பேரும் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருத்தி முகத்திலும் கையிலும் பூசிக்கொண்டே வந்தேன். நாலு பேர் முடிந்தது. ஐந்தாவதாக அவள் நின்றாள். நேரமாகிவிட்டது, கையெல்லாம் கரி, மிச்சமும் கொஞ்சம்தான்.

“உனக்கு வேண்டாம்மா. நீ அப்படியே நில்லு” என்றேன்.

ஹாலே சிரித்தது. எஜமானிகள் ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுந்து சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது, அவர்கள் மேல். “என்ன இளிப்பு?” என்று கத்தினேன். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அந்த நிமிஷம் எனக்கு உறைக்கவே இல்லை, சத்தியமாக.

அவள் நகரவில்லை. “எல்லாருக்கும் பூசினீங்க இல்ல டீச்சர், எனக்கும் பூசுங்க” என்றாள்.

“பிடிவாதம் பண்ணாதே. நேரமாகுது.”

“அப்போ நான் நடிக்கலை டீச்சர்.”

இத்தனை பேர் எதிரில் ஒரு மாணவி என்னிடம் முடியாது என்று சொல்கிறாள். “நடிக்க முடியாதுன்னா போர்டிங்கில் இருக்கவும் வேண்டாம். மூட்டையைக் கட்டு” என்றேன். கோபத்தில் எந்த டீச்சரும் சொல்கிற வார்த்தைதான் அது. அதை அவள் அப்படியே எடுத்துக்கொள்வாள் என்று நான் நினைக்கவில்லை.

மூன்றாம் நாள் அவள் அம்மா டி.சி. வாங்க வந்துவிட்டாள். தலைமையாசிரியை கேட்டதற்கு, “படிக்கலன்னு சொல்லுது, நான் இன்னாம்மா பண்றது?” என்றாளாம். தடுக்க யாரும் மெனக்கெடவில்லை. விஷயம் தெரிந்து நான் வகுப்பை விட்டு ஓடினேன். பஸ் ஸ்டாப்பில் தகரப் பெட்டியோடு நின்றிருந்தாள். அம்மா தள்ளி உட்கார்ந்திருந்தாள்.

மன்னிப்புக் கேட்கத்தான் ஓடினேன். வாயைத் திறந்ததும் வேறு வந்தது. “அவளுங்களை உனக்காக முட்டி போட வெச்சது யாரு? நான் ஒரு நாளாவது உன்னை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கேனா?”

அவள் யோசித்துத்தான் பதில் சொன்னாள். பள்ளியில் பேசும் தமிழில் அல்ல, வீட்டில் பேசுவதில் சொன்னாள்.

“அவளுங்க சொல்லசொல்ல நானும் எதுனா திருப்பி சொல்லிகினுதான் இருந்தேன் டீச்சர். நீங்க சொன்னதுக்கு நான் இன்னா சொல்றது?”

பஸ் வந்து நின்றது. அம்மா எழுந்து கூடையை எடுத்தாள்.

“எதிர்த்துப் பேசாதே” என்றேன்.