தானாகச் சாத்திக்கொண்ட கதவு

முதலில் ஒரு நீண்ட முனகல், அதன் முடிவில் மரத்தோடு மரம் பொருந்தும் ‘டொக்’ என்ற ஒலி. மயிலாப்பூர்க் குளத்துக்கு மேற்கே நாங்கள் வாடகைக்குக் குடிபோன பழைய வீட்டில், கூடத்தை ஒட்டிய அறையின் கதவு மூடும் சத்தம் அது. மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு என்று மாறிய ஆண்டின் கோடை. எனக்குப் பள்ளி விடுமுறை என்பதால், பகல் முழுதும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த அறை, சித்திரையில் கல்யாணமாகி வந்த சித்தப்பாவுக்கும் சித்திக்கும் ஒதுக்கப்பட்டது. வீடு மாறியதும் கல்யாணமும் அடுத்தடுத்து நடந்ததால், அவர்களுக்கு முன்னால் எங்களில் யாரும் அந்தக் கதவைப் புழங்கிப் பார்த்ததில்லை. சாமான் இறக்கிய நாட்களில் அதற்கு முட்டாக ஒரு டிரங்குப் பெட்டி கிடந்தது. அதன் பிறகோ புதுத் தம்பதியின் அறைக்குள் அப்பா போகமாட்டார், அம்மா வெளியே நின்று கூப்பிடுவாளே தவிர உள்ளே நுழைவதைக் கௌரவக் குறைவாக நினைத்தாள், எனக்கும் தடை.

எங்கள் வீட்டில் பகலில் கதவைச் சாத்துவது என்றால் உடம்பு சரியில்லை, இல்லாவிட்டால் கோபம். மூன்றாவதாக ஒரு காரணம் யாருக்கும் தெரியாது. ஆகவே சித்தி சமையல் வேலை முடிந்து அறைக்குள் போன ஒவ்வொரு முறையும் அந்த ‘டொக்’ அம்மாவின் முகத்தில் அடித்தது. ஒரு வாரம் பொறுத்துவிட்டுக் கேட்டாள். சித்தி, “நான் சாத்தலை மன்னி, அதுவா சாத்திண்டுடறது” என்றாள்.

பிசகு இந்த ஒரு சொல்லில்தான் நேர்ந்தது என்று இப்போது தோன்றுகிறது. ‘உடைத்தேன்’ என்பதை ‘உடைஞ்சுடுத்து’ என்றும், ‘தொலைத்தேன்’ என்பதை ‘தொலைஞ்சுடுத்து’ என்றும் சொல்லித் தப்பிக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் உண்டு. அம்மா அதே கணக்கில் இதையும் எடுத்துக்கொண்டாள்.

“டம்ளர் அதுவா விழுந்துடறது, பால் அதுவா பொங்கிடறது, இப்போ கதவும் அதுவா சாத்திக்கறதாம். இந்தாத்துல மனுஷாளுக்கு வேலையே இல்லை போலருக்கு” என்றாள்.

சித்தி அறைக்குள் போனாள், கதவு மறுபடி சாத்திக்கொண்டது. ஒரு மணையை முட்டுக்கொடுத்திருந்தால் கதவு நின்றிருக்கும்; அவள் ஏன் கொடுக்கவில்லை என்பதை அன்று யாரும் யோசிக்கவில்லை. மாதம் முடிவதற்குள் இருவரும் ஒரே அடுப்படியில் நின்றுகொண்டு என் மூலமாகப் பேசத் தொடங்கியிருந்தார்கள். சித்தப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம், தியாகராய நகரில் ஒரு போர்ஷன் பார்த்திருப்பதாகவும், ஆனியில் தனிக்குடித்தனம் போய்விட நினைப்பதாகவும் சொன்னார். தம்பியைப் படிக்கவைத்து வேலையில் அமர்த்தி, கடைசிவரை ஒன்றாக இருக்கலாம் என்றே பெரிய வீடாகப் பார்த்தவர் அப்பா. “போறது இருக்கட்டும், முதல்ல அந்தக் கதவைப் பார்த்துடலாம்” என்று மட்டும் சொல்லி, சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து தச்சரை வரவழைத்தார்.

தச்சர் ஆறுமுகம் நிலைச்சட்டம் சாய்ந்திருக்கும் என்றார். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்ததில் சட்டம் நேராக இருந்தது. தரை சரிவு என்றார், அதுவும் இல்லை. கீலின் நடு ஆணியைத் தட்டி எடுப்பதற்காகக் கதவை அகலத் திறந்து, அடியில் கடப்பாரை கொடுத்து லேசாக நெம்பினார். கதவு முழுதாக மேலே எழும்பிக் கழன்றுகொண்டது.

“இன்னா சார் இது, நான் இன்னும் ஒண்ணுமே பண்ல, கதவு கையோட வந்துகினு கீது” என்று அதைக் கட்டிப்பிடித்தபடியே நின்றார்.

அப்போதுதான் எல்லோரும் அந்தக் கீலைப் பார்த்தோம். பித்தளை, உள்ளங்கை நீளம். சாதாரணக் கீலில் இரண்டு தகடுகளின் குழல்களும் நேர்மட்டமாகச் சந்திக்கும். இதிலோ வாழைத்தண்டைச் சாய்த்து நறுக்கியதுபோல் சந்தித்தன. கதவைத் திறந்தால் மேல்குழல் அந்தச் சரிவில் ஏறும், கதவு ஒரு விரல் கனத்துக்கு உயரும். கையை எடுத்தால் தன் கனத்தாலேயே இறங்கி மூடிக்கொள்ளும். வீட்டைக் கட்டியவர் வக்கீல் என்றும், கட்சிக்காரர்களோடு பேசும் அந்த அறையில் தடித்த கம்பளம் விரித்திருந்ததால் கதவு அதில் உரசாமலிருக்க இப்படிப் போட்டார் என்றும் வீட்டுக்காரர் பின்னர் சொன்னார். இதை வேறு வழியில் என்னால் உறுதிசெய்ய முடியவில்லை. பிராட்வே இரும்புக் கடையில் அதன் பெயர் ‘ரைசிங் பட்’ என்றும், வலக்கைக் கதவுக்கு ஒன்று, இடக்கைக் கதவுக்கு ஒன்று என்று தனித்தனியாக வரும் என்றும் தெரிந்துகொண்டு வந்தார் அப்பா.

அம்மா கீலைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு, “அதை மாத்திடுங்கோ. பாவம், அவ மேல வீண் பழி” என்றாள். அம்மா மன்னிப்புக் கேட்டு நான் கேட்டது அவ்வளவுதான். மாற்றலாமா என்று சித்தியை யாரும் கேட்கவில்லை.

பழைய கீல் பதிந்திருந்த பள்ளத்துக்குக் கடைக் கீல் சிறியதாக இருந்தது. ஆறுமுகம் தேக்குச் சில்லுகளைப் பிசின் தடவிப் பள்ளத்தில் அடைத்து, இழைத்து, அதன்மேல் சாதாரண இரும்புக் கீல்களைத் திருகினார். கதவு விட்ட இடத்தில் நின்றது. அம்மா தானே வந்து அதைச் சுவரோடு சுவராகத் தள்ளித் திறந்துவைத்தாள். கூடத்திலிருந்து பார்த்தால் கட்டில், கண்ணாடி, கொடியில் தொங்கும் புடவை எல்லாம் தெரிந்தன. கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் சித்தியும் தெரிந்தாள்.

சில நாள் அப்படிப் போயிற்று. ஒரு பகல், சாப்பாடு ஆனபின் அம்மா கூடத்தில் தலைக்கு மணை வைத்துப் படுத்திருந்தாள். சித்தி கையைத் துடைத்துக்கொண்டு அறைக்குள் போனாள், திரும்பினாள், இரண்டு கைகளாலும் கதவைப் பிடித்து அவசரமில்லாமல் சாத்தினாள். தாழ்ப்பாள் விழும் சத்தமும் கேட்டது.

அம்மா எழுந்து உட்கார்ந்தாள். இந்த முறை கதவு அதுவாகச் சாத்திக்கொள்ளவில்லை. இரண்டு பேருக்கும் அது தெரியும். ஆனால் ஒருமுறை வீணாகச் சுமத்திய குற்றத்தை மறுமுறை உண்மையாகச் சுமத்த அம்மாவால் முடியவில்லை. தாயக்கட்டைகளை உருட்டிக்கொண்டிருந்த என்னிடம், “சத்தம் போடாதே, அவ செத்த தூங்கட்டும்” என்றாள்.

தியாகராய நகர் போர்ஷனுக்கு வேறு யாரோ குடிபோனார்கள். சித்தப்பாவுக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல் வரும்வரை, எழுபதுகளின் பெரும்பகுதி, நாங்கள் ஒன்றாகவே இருந்தோம்.

அந்த வீடு இன்று இல்லை, அடுக்குமாடி வந்துவிட்டது. பித்தளைக் கீல்கள் பரணில் கிடந்து எந்தப் பழைய பாத்திரத்தோடோ போயின. அப்பாவும் அம்மாவும் சித்தப்பாவும் போய்விட்டார்கள். சித்தி பாலவாக்கத்தில் மகன் வீட்டில் இருக்கிறாள். போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். ஏ.சி. ஓடுவதால் அங்கே எல்லா அறைகளும் பகலிலேயே சாத்தியிருந்தன; சித்தியின் அறை மட்டும் விரியத் திறந்து கிடந்தது. வெயில் அடிக்கிறதே, சாத்தட்டுமா என்று கேட்டேன்.

“வேண்டாம்டா. சாத்திண்டா ஏன்னு கேக்க இப்போ யார் இருக்கா?” என்றாள்.